தைராய்டு கட்டி, புற்றுநோய், அறுவை சிகிச்சை: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் சாயல்குடி வரையிலும், பாம்பனுக்கு அந்தப் பக்கம் தீவிலும் வாழ்பவர்களில் கழுத்துக் கட்டிக்காக மருத்துவரைப் பார்க்கத் தொடங்கியவர்களும், அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும், அவர்களுடைய வீட்டாரும் பொதுவாக எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதற்கு இவை ஈடாக மாட்டா. ஆனால் அவர் எதிரே அமரும் பத்து நிமிடங்களில் எதைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைக்க உதவும்.

தைராய்டு சுரப்பி எங்கே இருக்கிறது, அதன் வேலை என்ன?

முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி இரண்டு மடல்களாக இருக்கிறது. நடுவில் ஒரு சிறு பாலம் அவற்றை இணைக்கிறது. எடை ஏறத்தாழ 20 கிராம். உணவிலுள்ள அயோடினைக் கொண்டு டி3, டி4 என்னும் இயக்குநீர்களைச் செய்து, உடல் சூடு, இதயத் துடிப்பு, செரிமானம், மாதவிலக்கு, குழந்தைகளின் மூளை வளர்ச்சி ஆகியவற்றை நடத்துகிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். மூலம் கட்டளையிடுகிறது. அறுவையைப் பொறுத்தவரை இரண்டு அண்டை வீட்டாரையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் நான்காக உள்ள, உளுந்தளவு பாராதைராய்டு சுரப்பிகள்; இவை இரத்தத்திலுள்ள கால்சியத்தைக் காப்பவை. மற்றொன்று, பக்கத்துக்கு ஒன்றாக ஓடும் குரல் நரம்புகள். பின்னால் வரும் அறுவை பற்றிய பதில்களில் பாதி இந்த அண்டை வீட்டாரைப் பற்றியவையே.

கழுத்தில் ஒரு கட்டி தெரிகிறது. எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் அசைகிறது. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. விழுங்கும்போது அசைவது கட்டி தைராய்டில் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். தைராய்டு கட்டிகள் மிகச் சாதாரணமானவை. நடுவயதுப் பெண்களுக்கு ஸ்கேன் செய்தால் கணிசமானோருக்கு ஏதோ ஒரு கட்டி தென்படும். அவற்றில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே புற்றுநோயாக முடிகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்குத் தைராய்டு புற்றுநோய் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் வருகிறது. ஆயினும் ஓர் ஆணுக்குத் தனிக் கட்டி வந்தால் அதைக் கூடுதல் கவனத்துடன் பார்ப்பதே வழக்கம்.

தாமதிக்காமல் காட்ட வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. கட்டி கல்லைப்போல் கெட்டியாக இருப்பது, சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியுமளவு வளர்வது, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருப்பது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுவது, கழுத்தின் பக்கவாட்டில் நெறிக்கட்டிகள் தோன்றுவது, சிறு வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருப்பது ஆகியவை அவை. வலி இல்லை என்பதால் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. தைராய்டு புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு ஏன் ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும்?

இந்தக் கேள்விக்கான விடையை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருந்தால் பல தாமதங்கள் தவிரும் என்பது என் எண்ணம். டி3, டி4, டி.எஸ்.எச். ஆகியவை சுரப்பி எவ்வளவு சுரக்கிறது என்பதைச் சொல்லும். சுரப்பிக்குள் இருக்கும் கட்டி எத்தகையது என்பதைச் சொல்லா. தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த எண்கள் சரியாகவே இருக்கும். எனவே ஆய்வகத் தாளில் எல்லாம் சரி என்று வந்ததைப் பார்த்துக் கட்டியை இரண்டு மூன்று ஆண்டுகள் மறந்துவிடுவதும், டி.எஸ்.எச். கூடியிருப்பதைப் பார்த்துப் புற்றுநோய் என்று கலங்குவதும் ஒரே குழப்பத்தின் இரண்டு பக்கங்கள்.

கட்டியைப் பற்றிப் பேசுவது அல்ட்ராசவுண்டு ஸ்கேன். கட்டியின் ஓரம் ஒழுங்கற்றிருக்கிறதா, உள்ளே பொடிப்பொடியான சுண்ணப் புள்ளிகள் உள்ளனவா, அகலத்தைவிட உயரம் அதிகமா, சுற்றியுள்ள நெறிக்கட்டிகள் எப்படி இருக்கின்றன என்பவற்றைப் பார்த்து, டைராட்ஸ் என்னும் 1 முதல் 5 வரையான மதிப்பெண்ணை ஸ்கேன் மருத்துவர் தருவார். 1, 2 என்றால் பெரும்பாலும் கவலைக்கிடமில்லை; 4, 5 என்றால் கட்டியின் அளவையும் சேர்த்துப் பார்த்து ஊசிப் பரிசோதனை செய்வதா என்று முடிவெடுப்பர். டி.எஸ்.எச். குறைந்திருந்தால் மட்டும், கட்டியே தன்னிச்சையாகச் சுரக்கிறதா என்றறிய, சிறிதளவு கதிரியக்கப் பொருள் கொடுத்து எடுக்கும் ஐசோடோப் ஸ்கேன் தேவைப்படலாம். அவ்வாறு சுரக்கும் கட்டி புற்றுநோயாக இருப்பது அரிது.

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது என்றே கொள்ளலாம். எஃப்.என்.ஏ.சி. என்னும் இந்தப் பரிசோதனையில் இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியால் சில செல்கள் உறிஞ்சப்படுகின்றன. ஊசி சென்ற தடத்தில் நோய் பரவுவது மிக மிக அரிதாகவே பதிவாகியுள்ளது. இந்த அச்சத்தால் பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள், தேவையற்ற அறுவைக்கோ வீணான தாமதத்துக்கோ ஆளாகிறார்கள். முடிவு பெதஸ்டா என்ற ஆறு வகுப்புகளில் ஒன்றாக வரும். இரண்டாம் வகுப்பு தீங்கற்றது. ஆறாம் வகுப்பு புற்றுநோய். ஐந்து, பலத்த சந்தேகம். முதல் வகுப்பு என்றால் போதிய செல்கள் கிடைக்கவில்லை, மீண்டும் குத்த வேண்டும் என்று மட்டுமே பொருள். அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிட வேண்டாம். தீங்கற்றதா புற்றுநோயா என்று உறுதியாகச் சொல்ல முடியாத மூன்றும் நான்கும்தான் நோயாளியையும் மருத்துவரையும் ஒருசேரச் சங்கடப்படுத்துபவை.

நான்காம் வகுப்பு வந்திருக்கிறது. “அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்” என்கிறார்கள். இது சரியா?

சரியே. ஃபாலிக்குலர் வகைக் கட்டியில் தீங்கற்றதும் புற்றுநோயும் செல் அளவில் ஒன்றுபோலவே இருக்கும். கட்டியின் உறையையோ உள்ளிருக்கும் இரத்தக் குழாயையோ செல்கள் துளைத்துச் சென்றிருக்கின்றனவா என்பதே வேறுபாடு. அதைக் காண முழுக் கட்டியும் நோய்க்குறியியல் நிபுணரின் கைக்குப் போக வேண்டும். ஆகவே கட்டியுள்ள மடலை மட்டும் எடுத்து ஆய்வுக்கு அனுப்புவது வழக்கம். முடிவு புற்றுநோய் என்று வந்தால், தேவைப்படுவோருக்கு மற்ற மடலையும் இரண்டாவது அறுவையில் எடுப்பர். இரண்டு முறை மயக்க மருந்தா என்று மனம் சலிப்பது இயல்பு. ஆனால் நான்காம் வகுப்பினரில் பெரும்பாலோருக்கு இறுதி முடிவு தீங்கற்றதாகவே வருவதால், முதல் முறையிலேயே முழுச் சுரப்பியையும் எடுத்துவிடுமாறு அவசரப்படுத்துவது நல்லதன்று.

தினமும் மீன் சாப்பிடுகிற நமக்கும் கழலை (தைராய்டு வீக்கம்) வருமா? கடல் உப்பே போதாதா?

வரும். அயோடின் குறைவு கழலைக்கு ஒரு காரணம், ஒரே காரணமன்று. உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய், கிரேவ்ஸ் நோய், பரம்பரைக் கூறு, வயது ஆகியவற்றுக்கும் மீன் குழம்புக்கும் தொடர்பில்லை. மீனும் இறாலும் நண்டும் நல்ல அயோடின் ஊற்றுகள்; அவற்றால் புற்றுநோய் வருகிறது என்பதற்கும் ஆதாரமில்லை. தைராய்டு புற்றுநோய்களில், அயோடின் குறைந்த பகுதிகளில் ஃபாலிக்குலர் வகையின் பங்கும், போதிய அளவு கிடைக்கும் பகுதிகளில் பாப்பில்லரி வகையின் பங்கும் கூடுதலாக இருக்கும் என்பது மட்டும் பல நாடுகளில் காணப்பட்டுள்ளது.

உப்பைப் பொறுத்தவரை, வாலிநோக்கம் உப்பளங்களில் வாரும் உப்பானாலும், அயோடின் சேர்க்காத கல்லுப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பம். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பது 2006 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. விற்பனையில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. கருவாட்டுக்கு வாங்கிய மூட்டை உப்பே சமையலுக்கும் என்ற வீட்டு வழக்கத்தை, குறிப்பாகக் கர்ப்பிணிகள் உள்ள வீடுகளில், மாற்றிக்கொள்வது நல்லது. மறுபுறம், கட்டியைக் கரைக்கும் என்று கடல்பாசிப் பொடியையும் மாத்திரைகளையும் சிலர் விற்கிறார்கள். அவற்றில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கக்கூடும். அது சுரப்பியைத் தூண்டவும் செய்யும், முடக்கவும் செய்யும். கட்டியைக் கரைக்காது.

தைராய்டு புற்றுநோயில் எத்தனை வகைகள்?

பாப்பில்லரி வகை ஏறத்தாழ 80 சதவீதம். மெல்ல வளரும், நெறிக்கட்டிகளுக்குப் பரவினாலும் பெரும்பாலும் குணமாகும். ஃபாலிக்குலர் 10 முதல் 15 சதவீதம். இரத்தம் வழியாக எலும்புக்கும் நுரையீரலுக்கும் செல்லக்கூடியது. மெடுல்லரி 5 சதவீதத்துக்கும் குறைவு. வேறு வகைச் செல்லிலிருந்து வருவதால், எஞ்சிய தைராய்டு செல்களை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் அதற்குப் பயன்படாது. அனாபிளாஸ்டிக் 1, 2 சதவீதமே. முதியவர்களுக்கு வரும், வாரக்கணக்கில் வளரும், மிகக் கொடியது. மருத்துவரிடம் “எனக்கு எந்த வகை?” என்பதை முதலில் கேளுங்கள், ஏனெனில் இணையத்தில் படித்த பயங்கரம் உங்கள் வகையைப் பற்றியதாக இல்லாமலிருக்கலாம்.

பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளில் வயதும் நிலையை நிர்ணயிக்கிறது. 55 வயதுக்குக் குறைந்தவருக்கு நோய் நுரையீரல் வரை சென்றிருந்தாலும் அது இரண்டாம் நிலை என்றே கணக்கிடப்படும். வேறு புற்றுநோய்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இந்த வயதினரில் மிகப் பெரும்பாலோர் நோயைக் கடந்து நெடுநாள் வாழ்வதாலேயே இவ்வாறு வகுத்துள்ளனர்.

சுரப்பியை முழுதாக எடுப்பதா, பாதி எடுப்பதா? எடுப்பது எடுக்கிறோம், முழுதாக எடுத்துவிட்டால் நிம்மதி அல்லவா?

நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எமில் தியோடர் கோகர் என்னும் அறுவை மருத்துவர், அதுவரை உயிர்பறிக்கும் ஒன்றாக இருந்த தைராய்டு அறுவையைப் பாதுகாப்பானதாக்கினார். 1909இல் நோபல் பரிசும் பெற்றார். முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்ட நோயாளிகள் சில மாதங்களில் முகம் உப்பி, மந்தமாகி, சோர்ந்துபோனதை 1883இல் வெளிப்படையாக எழுதியவரும் அவரே. இன்று சுரப்பியின் இயக்குநீருக்கு ஈடான தைராக்ஸின் மாத்திரை இருப்பதால் அந்த நிலை வராது. ஆனால் அந்த மாத்திரையை ஒருநாளும் தவறாமல் ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும்.

இப்போதைய நடைமுறை ஏறத்தாழ இதுதான். கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, சுரப்பியைத் தாண்டிப் பரவியிருந்தாலோ, நெறிக்கட்டிகளில் நோய் தெரிந்தாலோ, இரு மடல்களிலும் இருந்தாலோ முழுச் சுரப்பியும் எடுக்கப்படும். 1 முதல் 4 சென்டிமீட்டர் வரை இருந்து, ஒரு மடலுக்குள்ளேயே அடங்கியிருந்தால் இரண்டு வழிகளும் ஏற்கத்தக்கவை. தகுந்தவர்களைத் தேர்ந்து செய்தால் ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாதி எடுத்தால் ஒரு பக்கத்துக் குரல் நரம்பும் இரண்டு பாராதைராய்டுகளும் தொடப்படுவதே இல்லை. கால்சியம் நிரந்தரமாகக் குறையும் ஆபத்து ஏறத்தாழ இல்லை. எஞ்சிய மடல் போதிய அளவு சுரப்பதால் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது, அல்லது குறைந்த அளவே தேவைப்படும். முழுதும் எடுத்தால் பிறகு கதிரியக்க அயோடின் கொடுக்கலாம். தைரோகுளோபுலின் என்னும் இரத்தப் பரிசோதனையால் நோய் திரும்புகிறதா என்று தெளிவாகக் கண்காணிக்கவும் முடியும்.

இந்த இடத்தில்தான் ஒருவர் வாழும் இடமும் தொழிலும் கணக்கில் வர வேண்டும். தங்குகடலுக்குச் சென்று நாட்கணக்கில் திரும்பாதவர், மாத்திரை தீர்ந்தால் பல மைல் போய் வாங்க வேண்டிய கிராமத்தவர், தொடர் பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழப்பவர் ஆகியோர், இரண்டு வழிகளும் சமம் என்ற நிலையில், பாதி அறுவையை விரும்பினால் அது அறியாமையால் எடுத்த முடிவாகாது. அதேபோல், மீண்டும் ஓர் அறுவை என்ற எண்ணமே தாங்காதவர் முழு அறுவையைத் தேர்வதும் நியாயமே. மருத்துவரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையானாலும் சொல்லுங்கள்.

நெறிக்கட்டிகளில் நோய் இருந்தால் அந்தப் பகுதி முழுவதையும் தொகுப்பாக அகற்றுவர். கட்டியை மட்டும் பொறுக்கி எடுப்பது போதாது.

கட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அறுக்காமல் இருக்க முடியுமா?

சிலருக்கு முடியும். ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில் 1993 முதல், ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பில்லரி புற்றுநோய்களை அறுக்காமல் ஸ்கேன் மூலம் கண்காணித்து வருகின்றனர். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கே கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது. வளர்ந்த பிறகு அறுத்தவர்களுக்கும் பாதகம் நேரவில்லை. தென் கொரியாவில் 1999க்குப் பின் உடல் பரிசோதனையோடு தைராய்டு ஸ்கேனும் பரவலானது. 1993க்கும் 2011க்கும் இடையே கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 15 மடங்கானது. அதனால் இறந்தோர் எண்ணிக்கையோ மாறவில்லை. அறிகுறியே இல்லாதவர்கள் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக்கொள்வதை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

ஆனால் கண்காணிப்பு என்பது ஆறு மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நல்ல ஸ்கேன் மருத்துவரிடம் தவறாமல் போவது. அது இயலாதவருக்கும், கட்டி குரல் நரம்பையோ மூச்சுக்குழாயையோ ஒட்டி இருப்பவருக்கும் அறுவையே ஏற்றது.

புற்றுநோய் இல்லாதபோதும் அறுவை தேவைப்படுமா?

மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ அழுத்தும் பெரிய கழலை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கிய கழலை, மருந்துக்குக் கட்டுப்படாத கிரேவ்ஸ் நோய், அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டி ஆகியவற்றுக்குத் தேவைப்படும். அதிகச் சுரப்பு உள்ளவர்களுக்கு முதலில் கார்பிமசோல் முதலிய மாத்திரைகளால் சுரப்பைச் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகே அறுவை செய்ய வேண்டும். இல்லையேல் அறுவையின்போது உயிருக்கே ஆபத்து நேரலாம். சுரப்புக் குறைவுக்கு மட்டும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அறுவை தேவையில்லை.

குரல் போய்விடுமா?

பாம்பனில் மீன் ஏலம் விடுபவரும், பள்ளிவாசலில் பாங்கு சொல்பவரும், வகுப்பெடுக்கும் ஆசிரியரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். குரல் நரம்பு இழுபட்டால் சில வாரங்கள், சில மாதங்கள் குரல் கம்மி, பெரும்பாலும் மீண்டுவிடும். அனுபவமுள்ள கைகளில் நிரந்தரப் பாதிப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கே. இது தவிர, மேற்புறம் இன்னொரு சிறு நரம்பு உண்டு. அது பாதிக்கப்பட்டால் சாதாரணப் பேச்சில் ஒன்றும் தெரியாது. குரலை உயர்த்தும்போது மட்டும் எட்டாது, விரைவில் களைத்துவிடும். குரலே பிழைப்பாக உள்ளவர் அறுவைக்கு முன்பே அதைச் சொல்லி, குரல்வளையைச் சிறு குழாய்க் கருவியால் பார்த்துப் பதிவு செய்துகொள்ளக் கேட்க வேண்டும். நரம்பைக் கண்காணிக்கும் மின்கருவி சில மருத்துவமனைகளில் உண்டு. உதவும், ஆனால் அறுவை மருத்துவரின் பழக்கத்துக்கு அது மாற்றாகாது.

அறுவைக்குப் பின் எத்தனை நாளில் ஊர் திரும்பலாம்?

மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். இந்தத் தொலைவை வைத்தே பதில் சொல்ல வேண்டும். கழுத்துக்குள் இரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை அழுத்துவது அரிது. நேர்ந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நேரும், நிமிடக் கணக்கில் தையலைப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த நேரம் மருத்துவமனைக் கட்டிலில்தான் கழிய வேண்டும்.

முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டவர்களுக்குக் கால்சியம் மிகக் குறைவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், அதாவது சரியாக வீடு போய்ச் சேர்ந்த பிறகு. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, கை விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்ளுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். முதற்கட்டக் குறைவு நாலைந்து பேரில் ஒருவருக்கு வரக்கூடும். நிரந்தரமாவது நூற்றுக்கு மூன்று பேருக்குள்தான். வீட்டுக்குக் கிளம்பும் முன் கால்சியம் அளவைப் பார்த்தார்களா, கால்சியம் மாத்திரையும் கால்சிட்ரியாலும் (வைட்டமின் டி வகை மருந்து) கையில் உள்ளனவா, மதமதப்பு வந்தால் எத்தனை மாத்திரை கூடுதலாக எடுப்பது, அதற்கும் அடங்காவிட்டால் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் ஊசி வழியாகக் கால்சியம் ஏற்றுவார்கள் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தீவிலிருப்பவர்கள் முதல் சில நாட்கள் மதுரையிலோ இராமநாதபுரத்திலோ உறவினர் வீட்டில் தங்குவது நல்ல ஏற்பாடு. கை இழுத்துக்கொள்வதைக் காற்றுக் கருப்பு என்று எண்ணி எங்கேனும் அழைத்துச் சென்று நேரத்தை இழக்க வேண்டாம்.

தழும்பு தெரியாமல் செய்ய முடியுமா?

கீழுதட்டின் உட்புறம் வழியாகவும், அக்குள் வழியாகவும் செய்யும் முறைகள் உள்ளன. சிறிய கட்டிகளுக்கே பொருந்தும்; செலவும் நேரமும் கூடுதல். வழக்கமான தழும்பு கழுத்து மடிப்பில் நாலைந்து சென்டிமீட்டர் நீளமே இருக்கும், ஓராண்டில் மங்கிவிடும். வெயிலில் உழைப்பவர்கள் அதுவரை துண்டால் கழுத்தை மூடிக்கொண்டால் தழும்பு கருக்காது.

எங்கே செய்துகொள்வது? செலவுக்கு என்ன வழி?

தைராய்டு அறுவையை அடிக்கடி செய்பவரிடம். ஆண்டுக்கு 25க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று அமெரிக்க ஆய்வொன்று காட்டியது, “ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டி, தேவையானால் பரிந்துரைக் கடிதத்துடன் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்லலாம். சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறை உண்டு. 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றுக்கும் அட்டைக்கும் விண்ணப்பிக்கும் வேலையை, பரிசோதனை நடக்கும் நாட்களிலேயே தொடங்கிவிட வேண்டும்.

தடைக்காலம் வரை அறுவையைத் தள்ளிப்போடலாமா? கடலுக்கு எப்போது திரும்பலாம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் நாட்களில் செய்துகொண்டால் வருமானம் போகாது என்று நினைப்பது இயல்பு. பரவாத, சிறிய பாப்பில்லரி கட்டியானால் ஓரிரு மாதத் தள்ளிவைப்பால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மெடுல்லரி வகைக்கும், வேகமாக வளரும் கட்டிக்கும், மூச்சு முட்டுபவருக்கும் இந்தச் சலுகை கிடையாது. நங்கூரம் இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது போன்ற பளுவான வேலைக்கு இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். காயம் முழுதும் ஆறும்வரை கடலில் முங்கக் கூடாது. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும், நேர்த்திக்கடனுக்காக இராமேஸ்வரத்தின் 22 தீர்த்தங்களில் நீராட எண்ணுபவர்களுக்கும் இது பொருந்தும்.

கதிரியக்க அயோடின் எல்லோருக்கும் உண்டா? அதற்கு முன் மீனை நிறுத்தச் சொல்வது ஏன்?

எல்லோருக்கும் இல்லை. சிறிய, பரவாத கட்டிகளுக்குத் தேவையில்லை. தேவைப்படுவோருக்கு, எஞ்சிய தைராய்டு செல்கள் அயோடினுக்கு ஏங்கி நிற்கும்படி உடலைத் தயார் செய்ய வேண்டும். அப்போதுதான் மருந்தாக வரும் அயோடின்-131ஐ அவை உறிஞ்சும். ஆகவே ஒன்றிரண்டு வாரங்களுக்கு மீன், இறால், நண்டு, கணவாய், கருவாடு, பாசியிலிருந்து எடுக்கும் அகர் சேர்ந்த பண்டங்கள், முட்டை மஞ்சள் கரு, பால், அயோடின் உப்பு ஆகியவற்றை விலக்கச் சொல்வர். நம் சமையலில் இது லேசான காரியமன்று. கருவாட்டுச் சட்டியில் வைத்த கத்திரிக்காய் குழம்பும் ஆகாது என்பதால், இவருக்கெனத் தனிச் சட்டி வைத்துச் சோறு, பருப்பு, காய்கறி, பழம் என்று நடத்துவதே எளிது. எந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்பதை அணு மருத்துவத் துறையிடமே கேளுங்கள்; கடையில் விற்கும் கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது உண்டு.

கூடிய அளவு கொடுக்கப்பட்டால் மருத்துவமனையின் தனியறையில் சில நாட்கள் தங்க வேண்டும். வீடு திரும்பிய பிறகும், அவர்கள் குறிப்பிடும் நாட்கள் வரை தனியே படுத்து, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகியிருக்க வேண்டும். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடும், பலர் சேர்ந்து பயன்படுத்தும் கழிப்பறையும் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கூடுதலாக ஓரிரு நாள் மருத்துவமனையிலேயே வைத்திருக்க முடியுமா என்று பார்ப்பார்கள். கர்ப்பமாக இருக்கும்போது இந்த மருந்து கூடவே கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர் முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

தைராக்ஸின் மாத்திரையை எப்படி எடுப்பது? நோன்பு நாட்களில் என்ன செய்வது?

விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன். அதன்பின் தேநீருக்கும் காப்பிக்கும் குறைந்தது அரை மணி நேரம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முழுச் சுரப்பியும் இல்லாதவருக்கு உடல் எடை கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்று தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்து அளவைச் சரிசெய்வர். ரமலான் மாதத்தில் சஹர் உணவுக்கு அரை மணி முன்போ, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ எடுக்கலாம். ஒரு வழியைத் தேர்ந்து மாதம் முழுவதும் அதையே பின்பற்ற வேண்டும். ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் எடுங்கள்; மருந்து உடலில் பல நாள் தங்குவதால் ஒருநாள் தவறுவது ஆபத்தன்று. வாரக்கணக்கில் விடுவதுதான் ஆபத்து.

உப்புக்காற்றும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. குப்பியை இறுக மூடி, அடுப்பங்கரைக்கும் சன்னலோரத்துக்கும் அப்பால் வையுங்கள். படகுக்குக் கொண்டுசெல்பவர்கள் தேவையான எண்ணிக்கையை மட்டும் நீர் புகாத சிறு டப்பாவில் எடுத்துச் செல்லலாம். கருத்தரித்தது தெரிந்தவுடன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அளவை நாலில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக உயர்த்த வேண்டிவரும்.

குணமான பிறகும் பரிசோதனைக்குப் போக வேண்டுமா?

வேண்டும். முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் கழுத்து ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். பத்தாண்டுகள் கழித்தும் நோய் திரும்புவதுண்டு. திரும்பினாலும் பெரும்பாலும் கழுத்து நெறிக்கட்டியில் வருவதால் மீண்டும் சிகிச்சை செய்ய முடியும். அறுவைக் குறிப்பையும் நோய்க்குறியியல் அறிக்கையையும் நெகிழி உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் கீழக்கரைப் பிள்ளைகள் அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வருமா?

பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளில் அந்த அச்சம் மிகக் குறைவு. மெடுல்லரி வகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, ரெட் என்னும் மரபணு மாற்றத்தால் பெற்றோரிடமிருந்து வருகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும் என்பதால், சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்தது என்று யாரையும் குறைசொல்ல இடமில்லை. மெடுல்லரி என்று உறுதியானவர்கள் அனைவருக்கும் ரெட் பரிசோதனை செய்ய வேண்டும். மாற்றம் இருந்தால் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டும். மாற்றத்தின் தன்மையைப் பொறுத்துச் சில குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள், மிகக் கடுமையான வகையில் முதல் வயதிலேயே, நோய் வருமுன் சுரப்பியை அகற்றிவிடுவதுண்டு. இந்தக் குடும்பத்தினருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருக்கக்கூடும். அது இல்லை என்று உறுதி செய்யாமல் கழுத்தில் அறுவை செய்தால் மயக்க மருந்தின்போது இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் எகிறும். மெடுல்லரி என்று அறிக்கை வந்த எவரும், அறுவைக்கு நாள் குறிக்கும் முன் அட்ரினல் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேட்க வேண்டும்.